சேர்ந்த பிள்ளை முடித்து வரவேண்டும்
தொழிற்பயிற்சி பற்றிப் பெற்றோருக்கு ஒரு பாடம்



க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்ததும் நலன்புரி அலுவலகத்துக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். "ஐயா, பிள்ளைய ஏதாவது தொழில் பழக அனுப்பணும், ஒரு கடிதம் குடுங்க" என்று கேட்பார்கள். கடிதம் எழுதுகிறோம், விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறோம், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் சரியா என்று பார்க்கிறோம். பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டால் வீட்டில் சந்தோஷம், எமக்கும் சந்தோஷம்.

ஆறு மாதம் கழித்து அதே பிள்ளைகளில் சிலரை லயத்து வாசலில் பார்க்கிறோம். சிலர் கொழும்புக் கடைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்படுகிறோம். "ஏன், அந்தப் படிப்பு என்ன ஆச்சு?" என்று கேட்டால், "அது சரி வரல்லிங்க ஐயா" என்று ஒரே வரியில் பதில் வரும். அந்த ஒரு வரிக்குள் எத்தனையோ காரியம் இருக்கிறது. இந்த முறை பாடத்தில் அதைத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

1. நட்ட கன்றும் பிழைத்த கன்றும்

மலையில் புதிதாகத் தேயிலைக் கன்று நடும்போது இரண்டு கணக்கு உண்டு. எத்தனை கன்று நட்டோம் என்பது ஒன்று. மழை, வெயில், புழு எல்லாம் தாண்டி எத்தனை கன்று பிழைத்தது என்பது மற்றது. கொழுந்து எடுப்பது பிழைத்த கன்றில்தான். நட்ட கணக்கை மட்டும் சொல்லிப் பெருமைப்படுகிற தோட்டம் எங்கும் இல்லை.

தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் இதே இரண்டு கணக்கு உண்டு. எத்தனை பிள்ளை சேர்ந்தது என்பது சேர்வுக் கணக்கு. விளம்பரத்திலும் திறப்பு விழாப் பேச்சிலும் இதைத்தான் சொல்வார்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இடையில் நிற்காமல் தொடர்ந்து வருகிறார்கள், எத்தனை பேர் முடித்துச் சான்றிதழ் எடுத்தார்கள் என்பது அடுத்த கணக்கு. தொடர்ந்து வருகிறவர்களின் கணக்கை நிலைத்திருக்கும் வீதம் என்றும், முடித்தவர்களின் கணக்கை முடிக்கும் வீதம் என்றும் சொல்லலாம். இந்தக் கணக்கைக் கேட்டால்தான் வெளியே வரும்.

தோட்ட வேலையில் அரைநாள் வேலை செய்தால் அரைப்பேராவது விழும். பயிற்சியில் அப்படிக் கிடையாது. அரைவாசிப் பயிற்சிக்கு அரைச் சான்றிதழ் எவரும் தரமாட்டார்கள். கட்டிய பணம், கொடுத்த பஸ் காசு, போன நாள் எல்லாம் போனதுதான். ஆகவே சேர்ப்பதற்கு எடுக்கும் கவனத்தில் பாதியாவது முடிப்பதற்கும் எடுக்கவேண்டும்.

2. ஒரு சின்னக் கணக்கு

கீழே வருவது பாடத்துக்காக நாமே போட்ட கணக்கு. எந்த நிலையத்தையும் குறிப்பது அல்ல. ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு கூடவே போட்டுப் பாருங்கள்.

ஒரு வருடப் பயிற்சிக்கு 25 பிள்ளைகள் சேர்கிறார்கள்.
மூன்று மாதம் முடியும்போது வகுப்பில் 19 பேர் இருக்கிறார்கள்.
வகுப்புப் பாடம் முடியும்போது 15 பேர்.
அந்த 15 பேரில் இறுதி மதிப்பீட்டில் தேறிச் சான்றிதழ் எடுத்தவர்கள் 12 பேர்.

இப்போது நிலையத்தில் போய்க் கேட்டால், "எங்களிடம் 100க்கு 80 பேர் சித்தி" என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. 12ஐ 15ஆல் பிரித்து 100ஆல் பெருக்கினால் 80 வரும். ஆனால் உங்கள் பிள்ளை அந்த 15 பேரில் ஒருவராகச் சேரப்போவதில்லை, 25 பேரில் ஒருவராகச் சேரப்போகிறது. 12ஐ 25ஆல் பிரித்து 100ஆல் பெருக்குங்கள். 48 வரும். சேர்ந்த 100 பேரில் 48 பேர்தான் சான்றிதழோடு வெளியே வருகிறார்கள் என்று அர்த்தம்.

80ம் 48ம் ஒரே வகுப்பின் கணக்கு. கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளை மட்டும் பார்த்துவிட்டு வருவோமா? கழிவு எத்தனை கிலோ என்றும் கேட்போம் இல்லையா? அதே மாதிரி இங்கேயும், "எத்தனை பேரில் இந்த 80?" என்று கேட்கவேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் 6 பேர் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வகுப்பு முடியும் வரை போனவர்கள் 4 பேர்தான். இந்தக் கணக்கு நாம் போட்டதுதான் என்றாலும், தோட்டங்களில் நாம் காண்பதும் இதுதான். பிள்ளை விட்டுவிட்டு வருவது பெரும்பாலும் ஆரம்பத்திலேயே நடக்கிறது. முதல் தவணையைத் தாண்டிய பிள்ளை முடிக்கப் பார்க்கும்.

3. கேட்பது தவறா?

"நாம போய் இதெல்லாம் கேட்டா என்ன நினைப்பாங்க?" என்று பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மாணவர்களுக்கு அரச உதவிப் பணம் கிடைக்கிற கல்லூரிகள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்ற கணக்கை மாணவர்களுக்குத் தெரியப்படுத்தவேண்டும் என்பது அந்தச் சட்டம். அதிலும் நியாயமான ஓர் இடைவெளி வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடப் படிப்பை மூன்று வருடத்துக்குள் முடித்தவர்களையும் முடித்தவர்களாகவே எண்ணுவார்கள். நோய், வறுமை, குடும்பக் கஷ்டம் காரணமாகக் கொஞ்சம் பிந்துகிற பிள்ளை விழுந்த பிள்ளை ஆகாது என்பது இதிலிருந்து விளங்கும்.

அதே 1990ஆம் ஆண்டில்தான் எமது நாட்டிலும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்விச் சட்டம் நிறைவேறியது. அது 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். அதன்படி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு உருவானது. அரசாங்கத்துடையதோ தனியாருடையதோ, தொழிற்பயிற்சி நிலையம் நடத்துகிறவர்கள் அந்த ஆணைக்குழுவில் பதிவு செய்யவேண்டும். தொழிற்பயிற்சி அதிகாரசபை 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வந்தது. தொழிலிடத்தில் வைத்தே பழக்குகிற பயிலுநர் பயிற்சியை நைட்டா என்று நாம் சொல்லும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை பார்த்துக்கொள்கிறது.

சான்றிதழ் விஷயத்தில் என்.வி.கியூ. என்ற மூன்று எழுத்தை மறக்கவேண்டாம். தேசிய தொழிற் தகைமை என்பது அதன் தமிழ்ப் பெயர். அதில் ஏழு மட்டங்கள் உண்டு. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். 4ஆம் மட்டம் எடுத்த ஒருவர் தனியாக நின்று வேலை செய்யக்கூடிய முழுத் தொழிலாளி என்று கொள்ளப்படுவார். மேலே டிப்ளோமாவுக்குப் போகவும் வழி இருக்கிறது. சில இடங்களில் வெறும் வருகைச் சான்றிதழ் ஒன்றை அச்சடித்து எல்லோருக்கும் கொடுப்பார்கள். அங்கே முடித்தவர் தொகை 100க்கு 100 என்று இருக்கும். அந்தத் தாளைக் காட்டினால் வேலை தருபவர் எவ்வளவு மதிப்பார் என்பது வேறு கதை.

ஆகவே, பிள்ளையைச் சேர்க்குமுன் இந்த எட்டுக் கேள்வியையும் கேளுங்கள். எழுதிக்கொண்டே போங்கள், வெட்கப்படவேண்டாம்.

ஒன்று: இந்த நிலையம் ஆணைக்குழுவில் பதிவு செய்ததா? பதிவு இலக்கம் என்ன?
இரண்டு: இந்தப் பாடநெறி முடித்தால் கிடைப்பது என்.வி.கியூ. சான்றிதழா? எத்தனையாம் மட்டம்?
மூன்று: சென்ற முறை இந்தப் பாடநெறிக்கு எத்தனை பேர் சேர்ந்தார்கள்?
நான்கு: அவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்? எத்தனை பேர் சான்றிதழ் எடுத்தார்கள்?
ஐந்து: விட்டுப்போனவர்கள் ஏன் போனார்கள்?
ஆறு: பாடம் எந்த மொழியில்? மதிப்பீடு எந்த மொழியில்?
ஏழு: வேலைத்தளப் பயிற்சிக்கு எங்கே அனுப்புவார்கள்? தங்குமிடம் யார் பார்ப்பது?
எட்டு: எல்லாச் செலவும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? உதவிப்பணம், பஸ் சீசன் டிக்கட் ஏதும் உண்டா?

முடித்தவர் தொகை குறைவு என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒரு நிலையத்தை ஒதுக்கிவிடவும் கூடாது. கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைகளையே எடுக்கிற நிலையத்தில் இடையில் நிற்பவர்களும் கூடுதலாக இருக்கலாம். அதனால்தான் ஐந்தாவது கேள்வி முக்கியம். "பஸ் இல்லாம நாலு பேர் நின்னாங்க, இப்ப பக்கத்திலேயே போர்டிங் பார்த்துக் குடுக்கிறோம்" என்று பதில் சொல்கிற இடம் நல்ல இடம். "அவங்க சோம்பேறிங்க" என்று மட்டும் சொல்கிற இடத்தில் கொஞ்சம் யோசியுங்கள்.

4. பிள்ளை ஏன் விட்டுவிடுகிறது?

"படிப்பு ஏறல்ல" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வின்சன்ட் டின்டோ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1975ஆம் ஆண்டிலிருந்தே இந்த விஷயத்தை ஆராய்ந்து எழுதியவர். ஒரு மாணவர் கல்லூரியை விட்டுப் போவதற்கு அவருடைய புத்தி மட்டும் காரணமல்ல என்றும், அந்த இடத்தோடும் அங்குள்ள ஆட்களோடும் அவர் ஒட்டிக்கொண்டாரா இல்லையா என்பது பெரிய காரணம் என்றும் அவர் விளக்கினார். எமது மலையகப் பிள்ளைகளைப் பார்த்தால் இது நன்றாகவே பொருந்துகிறது. நாம் காணும் காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

காசு. பயிற்சி இலவசம் என்றாலும் பஸ்ஸும் பகல் சாப்பாடும் இலவசம் இல்லை. முதல் மாதத்துக்கு நகை அடகு வைத்தோ சீட்டு எடுத்தோ அனுப்பிவிடுகிறோம். மூன்றாம் மாதம் கை வறண்டுவிடும். பிள்ளை வாரத்தில் இரண்டு நாள் போகாமல் நிற்கும். இரண்டு நாள் பாடம் விட்டால் மூன்றாம் நாள் ஒன்றும் விளங்காது. விளங்காத வகுப்புக்குப் போகப் பிள்ளைக்கு மனம் வராது. காசில் ஆரம்பித்த கதை "படிப்பு ஏறல்ல" என்று முடிகிறது.

மொழி. பல இடங்களில் போதனாசிரியர் சிங்களத்தில்தான் படிப்பிப்பார். தமிழ்ப் பாடசாலையில் படித்த பிள்ளை முதல் வாரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். கைவேலையைக் கண்ணால் பார்த்துப் பழகிவிடும், ஆனால் பாதுகாப்பு விதி, அளவு, கருவிகளின் பெயர் எல்லாம் காதில் விழுந்தும் விளங்காது. கேட்கவும் கூச்சம். இது புத்திக் குறைவு இல்லை. ஆறு மாதம் முன்பிருந்தே பேச்சுச் சிங்களம் பழகினால் பாதிப் பயம் தீர்ந்துவிடும்.

தனிமை. ஒரு டிவிசனிலிருந்து ஒரு பிள்ளை மட்டும் போனால் அது விரைவில் திரும்பி வருகிறது. இரண்டு மூன்று பேராகப் போனவர்கள் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளை என்று யாராவது கேலி செய்தாலும், பக்கத்தில் ஒரு தோழர் இருந்தால் தாங்கிக்கொள்ளலாம்.

பொருந்தாத தொழில். பிள்ளைக்கு மோட்டார் வேலையில் ஆசை. தையலில் இடம் இருக்கிறது என்று தையலுக்குச் சேர்க்கிறோம். அல்லது பக்கத்து வீட்டுப் பிள்ளை கம்பியூட்டருக்குப் போனதால் எமது பிள்ளையும் போகவேண்டும் என்கிறோம். சேருமுன் ஒரு நாள் அந்த வேலை நடக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். கராஜில் எண்ணெயும் கரியும் எப்படி இருக்கும், ஹோட்டல் சமையலறையில் எத்தனை மணிநேரம் நிற்கவேண்டும் என்று பிள்ளை தன் கண்ணால் பார்க்கட்டும்.

திருவிழாவும் தீபாவளியும். இது எமது இடத்துக்கே உரிய காரணம். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் பிள்ளை வரும். மூன்று நாள் லீவு பத்து நாளாகும். அந்த நேரம் கொழும்பில் கடையில் நிற்கிற பையன்களும் புது உடுப்பு, புதுப் போனோடு வருவார்கள். "என்னடா, காசு இல்லாம அங்க போய்க் கஷ்டப்படுற? எங்கூட வா" என்று ஒரு வார்த்தை போதும். திருவிழா முடிந்து கொழும்பு பஸ் ஏறுகிறபோது எமது பிள்ளையும் ஏறிவிடும். கடை வேலையை நாம் இழிவாகச் சொல்லவில்லை. ஆனால் இன்னும் ஐந்து மாதத்தில் கையில் ஒரு சான்றிதழ் வர இருக்கும் பிள்ளை இப்போது அதை விட்டுவிட்டுப் போவதுதான் நஷ்டம்.

வேலைத்தளப் பயிற்சி. பல பேருக்குத் தெரியாத இடம் இதுதான். வகுப்பு முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். பல பாடநெறிகளில் வகுப்புக்குப் பிறகு சில மாதம் ஒரு கம்பனியிலோ கராஜிலோ ஹோட்டலிலோ வேலைத்தளப் பயிற்சி செய்யவேண்டும். அதன் பிறகு மதிப்பீடு. மதிப்பீட்டில் தேறினால்தான் சான்றிதழ். இடையில் சம்பளத்தோடு ஒரு வேலை கிடைத்தால் பிள்ளை அங்கேயே நின்றுவிடும், மதிப்பீட்டு நாளை மறந்துவிடும். ஒரு வருடம் ஏறிய மலையில் கடைசிப் படியில் உட்கார்ந்துகொள்வது போன்றது இது.

பெண்பிள்ளைகள். பொழுது சாய்ந்து தனியாக மேட்டு லயத்துக்கு நடக்கவேண்டும் என்றால் தாய்க்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். வீட்டில் சின்னப் பிள்ளையையோ பாட்டியையோ பார்க்க ஆள் இல்லாவிட்டால் முதலில் நிறுத்தப்படுவது மூத்த பெண்பிள்ளைதான். நல்ல சம்பந்தம் வந்தது என்று பாதியில் நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். வரும் மாப்பிள்ளை வீட்டாரிடம், "பிள்ள சான்றிதழ் எடுக்க இன்னும் நாலு மாசம் இருக்கு, அதுக்குப் பிறகு பேசுவோம்" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல குடும்பம் காத்திருக்கும்.

5. பஸ் காசு செய்த வேலை

இந்தக் காரணங்களை மாற்ற முடியுமா? முடியும் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி நியூயோர்க் நகரத்திலிருந்து கிடைக்கிறது. அது எமது மலையிலிருந்து எவ்வளவோ தூரம். ஆனாலும் அங்கும் ஏழைப் பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விடுவது பெரும் கவலையாக இருந்தது.

நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தின் கீழ் இரண்டு வருடப் படிப்பு நடத்தும் சமுதாயக் கல்லூரிகள் உண்டு. 2007ஆம் ஆண்டு அவர்கள் ஒரு புதிய திட்டம் தொடங்கினார்கள். அதில் சேர்ந்த மாணவர் முழுநேரமாகப் படிக்கவேண்டும். பதிலுக்கு, உதவிப்பணம் போக மீதிக் கட்டணத்தைக் கல்லூரி பொறுக்கும், பாடநூல் இலவசம், ரயிலிலும் பஸ்ஸிலும் போய்வர மாதாமாதம் பயண அட்டை இலவசம். ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 வரையான மாணவர்களையே ஒப்படைத்தார்கள். மற்ற மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் என்றால் அறுநூறுக்கு மேற்பட்டவர்களைப் பார்க்கவேண்டிய நிலை. பயண அட்டையைச் சும்மா கொடுக்கவில்லை. ஆலோசகரைச் சந்தித்து, திட்டத்தின் ஒழுங்கைக் காப்பாற்றி வருகிறவர்களுக்கே கொடுத்தார்கள்.

இது பலன் தருகிறதா என்று பார்க்க 2010ஆம் ஆண்டு ஏறக்குறைய 900 மாணவர்களைத் திருவுளச்சீட்டுப் போல இரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்கு இந்த உதவி, மறு பங்குக்கு வழக்கமான முறை. இரண்டு பங்கிலும் ஏழைப் பிள்ளைகள்தான், அடிப்படைப் பாடத்தில் பின்தங்கியவர்கள்தான். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான முறையில் படித்தவர்களில் 100க்கு 22 பேர் முடித்திருந்தார்கள். உதவி கிடைத்தவர்களில் 100க்கு 40 பேர். பிறகு ஒஹையோ மாநிலத்திலும் மூன்று கல்லூரிகளில் இதே மாதிரி செய்து பார்த்தார்கள். அங்கே 19 பேர் முடித்த இடத்தில் 35 பேர் முடித்தார்கள்.

இதில் நாம் படிக்க வேண்டியது என்ன? பிள்ளைகளின் புத்தி மாறவில்லை, இரண்டு பங்கும் ஒரே மாதிரிப் பிள்ளைகள். மாறியது பஸ் காசும், புத்தகமும், "ஏன் நேத்து வரல்ல?" என்று பேர் சொல்லிக் கேட்க ஓர் ஆளும்தான். அதே நேரம், அவ்வளவு செய்தும் 100க்கு 60 பேர் மூன்று வருடத்தில் முடிக்கவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. இது லேசான வேலை இல்லை. ஆனால் செய்தால் பலன் உண்டு.

6. எமது வீட்டில், எமது டிவிசனில்

நியூயோர்க்கில் செய்த அளவுக்கு எம்மிடம் பணம் இல்லை. அவர்கள் செய்த காரியங்களின் சாரத்தை எமது அளவில் செய்யலாம்.

முதலில் பஸ் காசு. பிள்ளை சேருமுன் மொத்தச் செலவையும் ஒரு தாளில் போடுங்கள். பஸ், சாப்பாடு, போர்டிங், உடுப்பு, சப்பாத்து, கருவி, போட்டோக் கொப்பி, வேலைத்தளப் பயிற்சிக் காலச் செலவு எல்லாம் வரட்டும். அதை மாதத்தால் பிரியுங்கள். சம்பள நாளில் கடைக் கடன் கொடுக்குமுன் அந்தத் தொகையை ஒரு டப்பாவில் தனியே எடுத்து வையுங்கள். முதல் மாதம் நிறையக் கொடுத்து மூன்றாம் மாதம் கைவிரிப்பதைவிட, மாதாமாதம் அளவாகக் கொடுப்பது பிள்ளையை நிலைக்க வைக்கும். தீபாவளி முற்பணம் எடுப்பவர்கள் அதில் ஒரு பங்கை அடுத்த இரண்டு மாதப் பஸ் காசுக்கு ஒதுக்கினால், திருவிழாக் காலத்து நழுவலும் குறையும்.

இரண்டாவது, கேட்க ஓர் ஆள். வீட்டில் ஒருவர் இந்தப் பொறுப்பை எடுக்கவேண்டும். தாயோ, மாமாவோ, மூத்த அக்காவோ, யாராயிருந்தாலும் சரி. ஒவ்வொரு நாளும் "இன்னைக்கு என்ன பழகினே?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பெற்றோருக்கு அந்தத் தொழில் தெரிந்திருக்கத் தேவையில்லை. பிள்ளை விளக்கிச் சொல்லச் சொல்ல அதற்கே பாடம் மனதில் பதியும். பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பினால் ஏதோ சங்கடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். திட்டாமல் விசாரியுங்கள். போதனாசிரியரின் தொலைபேசி இலக்கத்தை முதல் நாளே வாங்கி வையுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து பிள்ளை போகாவிட்டால், மூன்றாம் நாள் நீங்களே பேசுங்கள்.

மூன்றாவது, கூட்டம். ஒரே நிலையத்துக்குப் போகிற பிள்ளைகளை ஒன்றாக அனுப்புங்கள். முடித்து வேலை செய்கிற ஒரு அண்ணனையோ அக்காவையோ அவர்களோடு பேசவையுங்கள். "நானும் மொத மாசம் அழுதேன்" என்று அவர் சொல்வதில் இருக்கும் தைரியம் எமது பத்து அறிவுரையில் இல்லை.

நான்காவது, பத்திரங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து என்று எமது பிள்ளைகள் பலருக்கு இருக்கிறது. சேரும்போது எப்படியோ சமாளித்துவிடுவோம். சான்றிதழ் அச்சடிக்கும் நேரத்தில் சிக்கல் வரும். இதை முதல் மாதத்திலேயே சரிசெய்யுங்கள். விண்ணப்பம் எழுத நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள்.

7. விட்டுவிட்ட பிள்ளைக்கு

ஏற்கனவே விட்டுவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளையைப் பார்த்து "நீ உருப்பட மாட்டே" என்று சொல்லவேண்டாம். அது போய் முடிந்த காரியம் அல்ல. முதலில் அந்த நிலையத்துக்கே போய், அடுத்த பிரிவில் சேரலாமா, ஏற்கனவே தேறிய பகுதிகள் கணக்கில் வருமா என்று கேளுங்கள். வேலைத்தளப் பயிற்சி முடித்து மதிப்பீட்டுக்கு மட்டும் போகாதவர்கள் இருந்தால், அவர்கள்தான் முதலில் ஓடவேண்டும். ஒரே ஒரு படிதான் பாக்கி.

இன்னொரு வழியும் இருக்கிறது. வகுப்புக்கே போகாமல் வேலை செய்து தொழில் பழகியவர்களுக்கும் என்.வி.கியூ. எடுக்க வழி உண்டு. முன்பே கற்ற திறமையை மதிப்பிட்டுச் சான்றிதழ் தருகிற முறை அது. மேசன் வேலை, மின் வேலை, தையல், சமையல் என்று வருடக்கணக்காகச் செய்கிற எமது ஆட்கள் தோட்டம் தோட்டமாக இருக்கிறார்கள். செய்த வேலைக்கு அத்தாட்சி காட்டி, மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்து காட்டவேண்டும். நைட்டாவில் விசாரித்தால் விபரம் சொல்வார்கள். கொழும்பில் பாஸ் ஒருவரிடம் பத்து வருடம் கைவேலை செய்த தகப்பன், தன் மகனுக்கு முன்னால் ஒரு சான்றிதழ் எடுத்துக் காட்டினால், அந்த வீட்டில் பிள்ளை பாதியில் விட யோசிக்கும்.

8. கூடிப் பேசுவதற்கு

மாதர் சங்கத்திலோ இளைஞர் கழகத்திலோ இந்தப் பாடத்தை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டு, கீழ்வரும் கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

ஒரு நிலையத்தில் 40 பேர் சேர்ந்தார்கள். 30 பேர் வகுப்பை முடித்தார்கள். 24 பேர் சான்றிதழ் எடுத்தார்கள். நிலையம் சொல்லக்கூடிய வீதம் எது? நாம் கேட்க வேண்டிய வீதம் எது? (விடை: 80, 60)

எமது டிவிசனில் விட்டுவந்த பிள்ளைகள் எந்த மாதத்தில் விட்டார்கள்? அந்த மாதத்தில் வீட்டில் என்ன நடந்தது?

பஸ் போகாத நேரத்தில் பெண்பிள்ளைகளைக் கூட்டிவர நாம் முறை வைத்துக்கொள்ள முடியுமா?

எமது டிவிசனில் பேச்சுச் சிங்களம் சொல்லிக்கொடுக்கக்கூடியவர் யார்?

பேசி முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். கடந்த இரண்டு வருடத்தில் உங்கள் டிவிசனிலிருந்து தொழிற்பயிற்சிக்குப் போன பிள்ளைகளின் பட்டியல் ஒன்று போடுங்கள். சேர்ந்தது, மூன்று மாதம் தாண்டியது, வகுப்பு முடித்தது, சான்றிதழ் எடுத்தது என்று நான்கு கட்டம் கீறி, ஒவ்வொருவருக்கும் புள்ளடி இடுங்கள். அந்தப் பட்டியலை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எந்தக் கட்டத்தில் புள்ளடி குறைகிறதோ, அந்த இடத்தில்தான் எமது பிள்ளைகள் நழுவுகிறார்கள். அந்த இடத்திலிருந்தே வேலையைத் தொடங்குவோம்.